குடும்ப நலப் பகுதி: நாட்பட்ட நோயும் அரசினர் சான்றிதழும்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு ஞாயிறு. சங்க நூலகத்தில் வழக்கம்போல் நாளிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். வாயிலில் ஓர் அம்மையார் மஞ்சள் துணிப்பை ஒன்றைப் பிடித்தவாறு தயங்கி நின்றார். திருநெல்வேலிப் பக்கத்தவர், தாராவியில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருப்பவர். பொங்கல் விழாவில் பந்தி பரிமாற முதலில் வந்து நிற்கும் கைகளுள் அவருடையதும் ஒன்று. ஆதலின் முகம் நமக்குப் பழக்கமானதே.

“அண்ணாச்சி, இங்கிலீஷில் ஒரு கடுதாசி இருக்கு. பிழையிருந்தால் திருத்தித் தாங்க. நாளைக்குக் கொடுக்க வேண்டியது” என்றார்.

வாங்கிப் பார்த்தோம். அவர்தம் கணவர் தாம் பணிபுரியும் தொழிற்சாலைக்கு எழுதிய விலகற் கடிதம் அது. கணவருக்கு வயது நாற்பத்தேழு; லேத்து இயந்திரத்தில் வேலை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வலக்கையில் தோன்றிய நடுக்கம் மெல்ல மெல்ல நடையையும் பற்றிக்கொண்டது. மருத்துவர் அதற்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர் சொன்னார். நடுக்குவாதம் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இயந்திரத்தில் அளவு பிசகுகிறது, மேற்பார்வையாளர் முணுமுணுக்கிறார், உடன் வேலை செய்வோர் சிலர், காலையிலேயே குடித்துவிட்டு வருகிறாரோ என்று ஐயுறுகின்றனர். “அவர்களாக அனுப்புமுன் மானத்தோடு நாமே விலகிவிடுவோம்” என்று கணவர் முடிவு கட்டிவிட்டார். மகள் பத்தாம் வகுப்பு. மகன் ஏழாம் வகுப்பு.

கடிதத்தைத் திருத்தித் தர மறுத்துவிட்டோம். அம்மையாருக்குச் சற்று வருத்தந்தான். ஆயினும் பையிலிருந்த ஏனைய காகிதங்களையும் மேசைமீது பரப்பச் சொன்னோம். அவற்றுள் ஒன்று வருங்கால வைப்புநிதிக் கணக்கு. முன்பு சிறு பட்டறைகளில் வைப்புநிதி இல்லாமலே காலம் கழித்தவர் ஆகையால், கணக்கில் ஏறிய சேவை எட்டு ஆண்டுகளே. நாம் மறுத்ததன் காரணம் அந்த எட்டு என்னும் எண்ணிலே இருந்தது. அதனை இங்கு விரித்துரைக்கவே இத்திங்கள் இப்பகுதியை எடுத்துக்கொண்டோம். ஏனெனில் இத்தகைய கடிதம் ஒன்று இன்னும் எத்தனை இல்லங்களில் எழுதப்பட்டுக் காத்திருக்கிறதோ நாம் அறியோம்.

வைப்புநிதியோடு இணைந்து நடப்பது 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். அதில் மாத ஓய்வூதியம் பெறப் பொதுவாகப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். பத்து நிறையாமல் விலகுபவருக்கு ஒரு தொகையைக் கணக்கிட்டுத் தந்து கணக்கை முடித்துவிடலாம்; மாத ஓய்வூதியம் கிடையாது. ஆனால் அத்திட்டத்திலேயே ஒரு தனி விதி உண்டு. பணியில் இருக்கும் காலத்திலேயே ஒருவர் நிரந்தரமாகவும் முழுமையாகவும் உழைக்கும் ஆற்றல் இழந்துவிட்டால், பத்து ஆண்டு என்னும் வரம்பு அவருக்கு இல்லை. ஒரே ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் வாழ்நாள் ஓய்வூதியத்திற்கு உரியவராவார். அவ்வியலாமை தொழிற்சாலை விபத்தால் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. நோயால் வந்தாலும் ஒக்கும். மருத்துவக் குழுவினர் பரிசோதித்து, அவர் முன்பு செய்யத்தக்க வேலை எதனையும் இனிச் செய்ய இயலாதவர் என்று கூறுதல் வேண்டும். அவர் காலமானால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்தனர். பெருந்தொகை அன்று, ஆயினும் இல்லாமைக்கு இது எவ்வளவோ மேல்.

இங்கே உயிரான சொற்கள் “பணியில் இருக்கும் காலத்தில்” என்பவை. திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை இவ்விதியை நாடுபவருக்கு வழக்காடுவதைத் தவிர வேறு வழியில்லை. மானம் கருதி எழுதிய ஒரு கடிதம், உழைத்துச் சேர்த்த உரிமையை ஒரே நாளில் அழித்துவிடும்.

அந்த நண்பர் இன்னும் முழுமையாக ஆற்றல் இழந்தவர் அல்லர் என்பதும் உண்மையே. ஆகவே முதலில் அவர் நாட வேண்டியது ஓய்வூதியத்தை அன்று. ஈ.எஸ்.ஐ. என்று நம்மவர் வழங்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் அவர் உறுப்பினர். அதன் மருத்துவமனையில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குவதோடு நம்மவர் நின்றுவிடுகின்றனர். நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு அக்காப்பீடு தருகிறது. இது சிலருக்குத் தெரியும். காசநோய், புற்றுநோய், பக்கவாதம், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன் நோய் முதலிய 34 நெடுநாள் நோய்களுக்கு, 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுகள் வரையிலும் அவ்வுதவி நீளக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டுக்குட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். சந்தா நாட்களைப் பற்றிய கணக்கும் உண்டு. தொழிற்சட்டங்களைத் தொகுத்த புதிய சட்டங்கள் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தமையால் விதிகள் புதிதாக எழுதப்படும் காலம் இது. எனவே கிளை அலுவலகத்தில் நேரிற் கேட்டுத் தெளிந்து கொள்க. கேட்பதற்குமுன் விலக வேண்டா.

நிற்க. இனி சான்றிதழைப் பற்றி.

ஊனம் என்றவுடன் காலிழந்தாரையும் கண்ணிழந்தாரையுமே நாம் நினைக்கிறோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறத்தாழ அப்படியே நினைத்தது. ஏழு வகைகளையே அது கூறிற்று. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக்கிற்று. வெளியே தெரியாத நோய்கள் பலவும் அப்போதுதான் பட்டியலேறின. பார்க்கின்சன் நோய், தண்டுவட மரப்பு என்னும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தசைச் சிதைவு நோய், இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாளணுச் சோகை, மனநோய், ஆட்டிசம், கற்றற் குறைபாடு ஆகியவை அவற்றுள் உள்ளன. (மனநோய் பழைய சட்டத்திலும் இருந்தது, ஆயினும் அதற்கெனச் சான்றிதழ் கேட்டவர் நம்மிடையே அரியர்.)

நீரிழிவு, இதயநோய், சிறுநீரக நோய், காக்காய்வலிப்பு ஆகியவை அப்பட்டியலில் இல்லை. இதைச் சொல்லும்போது பலருக்கு ஏமாற்றம். வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் ஒருவர் நம்மிடம் வந்து, “இதைவிட இயலாமை வேறு என்ன வேண்டும், சார்?” என்று கேட்டார். அவர் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. சட்டம் இயற்றியவர்கள்தாம் சொல்லவேண்டும். எனினும் ஒன்று கூறினோம். நோயின் பெயர் பட்டியலில் இல்லாவிடினும், நோய் விட்டுச்சென்ற குறை பட்டியலில் இருக்கலாம். நீரிழிவால் கால் எடுக்கப்பட்டவர் இயக்கக் குறைபாட்டின்கீழ் வருவார். அதே நீரிழிவால் விழித்திரை கெட்டவர் பார்வைக் குறைபாட்டின்கீழ் வருவார். பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவருக்கும் இயக்கக் குறைபாடு உண்டு. அந்தச் சிறுநீரக அன்பருக்கோ, சான்றிதழ் இல்லாமலே வேறு சில வாயில்கள் திறந்திருந்தன. சுத்திகரிப்புக்காகச் செல்லும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில்வேயில் கட்டணச் சலுகை உண்டு. 2020 மார்ச்சில் முதியோர் சலுகை முதலியவற்றை இரயில்வே நிறுத்தியபோதும், மாற்றுத்திறனாளிகளில் நான்கு வகையினருக்கும் நோயாளிகளில் பதினொரு வகையினருக்கும் சலுகையைத் தொடர்ந்தது. மூன்று ஆண்டுகளாக முழுக் கட்டணம் செலுத்தி வந்தவர் அவர்.

சான்றிதழில் விழுக்காடு குறிக்கப்படும். நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாதவர்க்கே சட்டம் கூறும் உதவிகளிற் பெரும்பாலானவை. எண்பதும் அதற்கு மேலும் உடையவர்க்குச் சில தனி உதவிகள். 2024-இல் விதிகளைத் திருத்தியபின், அடையாள அட்டைக்கு நிறமும் வகுத்துள்ளனர். நாற்பதுக்குக் குறைவெனில் வெள்ளை, நாற்பது முதல் எண்பதுக்குள் மஞ்சள், எண்பதும் மேலும் நீலம். 2021 ஜூன் முதல் நாளிலிருந்து சான்றிதழ் வழங்குவது முழுவதும் கணினி வழியே நடைபெறுகிறது. சுவாவ்லம்பன் என்னும் மத்திய அரசின் இணையதளத்தில் மனுச் செய்தல் வேண்டும். மனுவுக்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனை வாயிலில் நின்றுகொண்டு, “இரண்டாயிரம் கொடுத்தால் அறுபது விழுக்காடு வாங்கித் தருகிறேன்” என்பாரிடம் காசு கொடாதீர்கள். பொய்ச் சான்று குற்றமாகும். அகப்படுபவர் தரகர் அல்லர், நாமே.

எந்த ஊரில் மனுச் செய்வது? நம் மேசைக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். நம்மவர் பலருக்கு ஆதாரில் ஊர் முகவரி; குடும்ப அட்டை ஊரில்; இங்கே குடியிருப்பதோ பதினொரு மாத ஒப்பந்த வீட்டில். ஆகவே சான்றிதழுக்கு ஊருக்குத்தான் போகவேண்டும் என்று தாமே முடிவு செய்துகொள்கின்றனர். நடக்க முடியாத நோயாளியை ஒன்றரை நாள் இரயிலில் அழைத்துச் சென்று, மருத்துவக் குழு அன்று கூடவில்லை என்று கேட்டுத் திரும்பி, மீண்டும் சென்று, மீண்டும் திரும்பிய குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். மூன்றாம் முறை சென்றபோது, சிகிச்சைக் குறிப்புகள் எல்லாம் பம்பாய் மருத்துவமனையினவாய் இருத்தலால் அங்கேயே கேட்கும்படி சொல்லி அனுப்பினார்களாம்.

2017-ஆம் ஆண்டு விதிகள் இதில் தெளிவாகவே உள்ளன. மனுவை அனுப்ப இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, முகவரிச் சான்றில் காணும் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரி. மற்றொன்று, அந்நோய்க்காகச் சிகிச்சை பெறும், அல்லது முன்பு பெற்ற, அரசினர் மருத்துவமனையின் மருத்துவ அதிகாரி. எனவே ஆதாரில் சங்கரன்கோவில் என்று இருந்தாலும், ஐந்து ஆண்டுகளாக இங்குள்ள அரசினர் மருத்துவமனையில் மருந்து வாங்குபவர் இங்கேயே மனுச் செய்யலாம். தனியார் மருத்துவரிடம் மட்டும் செல்வோர்க்கே இவ்வாயில் அடைபட்டிருக்கிறது. அத்தகையோர் மனுச் செய்யுமுன், அரசினர் மருத்துவமனையின் நரம்பியற் பிரிவில் புற நோயாளியாகப் பதிந்துகொண்டு சில திங்கள் அங்கே செல்லட்டும். எந்த மாநிலத்தில் பெற்ற சான்றிதழும் நாடு முழுதும் செல்லும் என்று சட்டத்தின் 58-ஆம் பிரிவே கூறுகிறது. “இது மகாராட்டிரச் சான்று, இங்கே செல்லாது” என்று ஊரில் எவரேனும் சொன்னால் அப்பிரிவைச் சுட்டிக்காட்டுக.

அடுத்தது பெயர். முத்துவின் மகன் சுப்பையா என ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஊரில் அவர் மு. சுப்பையா, பள்ளிச் சான்றில் எம். சுப்பையா. இவ்வூர் மருத்துவமனையில் சீட்டுப் பதியும் எழுத்தர் மூன்று பெயர் கேட்பார்: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு ஏது? விழிக்கும் மனைவியிடம் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதும் உண்டு. தந்தை பெயரையே குடும்பப் பெயராக்கிவிடுவதும் உண்டு. ஆக, ஆதாரில் ‘சுப்பையா முத்து’, மருத்துவச் சீட்டில் ‘முத்து சுப்பையா’, காப்பீட்டு அட்டையில் வெறும் ‘சுப்பையா எம்’. மூவரும் ஒருவரே என்பதை அவர் மனைவி அறிவார், கணினி அறியாது. சான்றிதழ் ஆதாரிலுள்ள பெயரிலேயே வரும். எனவே மனுச் செய்யுமுன் மருத்துவமனைப் பதிவை ஆதாருக்கு ஒத்ததாகத் திருத்திக்கொள்ளுதல் நலம். மருத்துவமனைப் பதிவைத் திருத்துவது ஒரு காலைப்பொழுது வேலை. சான்றிதழ் வந்தபின் எல்லாவற்றையும் திருத்துவது ஓராண்டு வேலை. இதனை நாம் சிலரோடு வரிசையில் நின்று கண்டவர்கள்.

மருத்துவக் குழுவின்முன் செல்லும் நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நம்மவர் தோற்பது அங்கேதான்.

மருத்துவர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் “பரவாயில்லை, சமாளிக்கிறேன்” என்று சொல்வது நமக்குப் பிறவிக்குணம். பெரியவர்கள் முன் குறை சொல்லலாகாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அன்றைக்கென்று சலவைச் சட்டை அணிந்து, தலை வாரி, நெற்றியில் நீறிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் இந்தியில் முடிந்த அளவு முறுவலோடு விடை சொல்லிவிட்டு வருகிறோம். அச்சட்டையின் பொத்தான்களை மனைவி போட்டுவிட்டாள் என்பதைச் சொல்வதில்லை. மருத்துவர்க்கு ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடம். கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் அவர் எழுதுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை.

பார்க்கின்சன் நோயில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து உட்கொண்ட சிறிது நேரத்தில் உடல் இளகி, நடை சீராகி, பார்ப்பவர்க்கு நோயே இல்லாததுபோல் தோன்றும். மருந்தின் வேகம் தணிந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். குழுவின்முன் நிற்பது எந்த வேளையில் என்பதைப் பொறுத்து ஒரே மனிதர் இருவேறு மனிதராகத் தோன்றுவார். இதற்காக மருந்தை உண்ணாமல் செல்லுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். அது தீங்கு, நேர்மையும் அன்று. மருந்து உண்ட நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது தணியும் நேரத்தையும் சொல்லுங்கள். அதற்கு மேலாக, பதினைந்து நாள் குறிப்பு ஒன்று எழுதிச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது நடை நின்றது, எங்கே விழுந்தார், சோற்றைப் பிசைந்து தாமே உண்டாரா, டம்ளரைச் சிந்தாமல் தூக்கினாரா, படுக்கையில் தாமே புரண்டாரா, குளிக்க யார் துணை என்பவற்றை நாள்தோறும் இரண்டு மூன்று வரிகள் எழுதினால் போதும். தமிழில் எழுதியதைச் சங்கத்தில் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ பெயர்த்துத் தருகிறோம். பழைய கையெழுத்தும் இப்போதைய கையெழுத்தும் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். இந்நோயில் எழுத்து வரவரச் சிறுத்துப்போகும். நாம் சொன்ன நண்பரின் வங்கிப் புத்தகத்தில் கடுகளவாகிவிட்ட கையெழுத்தைக் கண்டபின்தான் ஒரு மருத்துவர் கேள்விகளைத் தொடர்ந்தார்.

கூட்டிச் சொல்லவும் வேண்டா, குறைத்துச் சொல்லவும் வேண்டா. நம்மவர் செய்வது பெரும்பாலும் குறைத்துச் சொல்லுதலே.

விழுக்காடு குறைந்தோ மனுத் தள்ளப்பட்டோ வந்தால், அதற்குரிய காரணத்தை எழுத்தில் தருவது அவர்கள் கடமை; கேட்டு வாங்குங்கள். முடிவு எடுக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஊர்த் திருவிழா முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று காகிதத்தைப் பரணில் வைத்தால் நாள் கடந்துவிடும். மனுவின்மீது இரண்டு ஆண்டுகள் முடிவெதுவும் எடுக்கப்படாமல் கிடந்தால் அது செயலற்றதாகிவிடும் என்றும் 2024-ஆம் ஆண்டு விதி கூறுகிறது. புதிதாக மனுச் செய்ய நேரும். சில சான்றிதழ்கள் நிரந்தரமானவை. நோய் மாறக்கூடியதாயின் காலவரை குறித்துத் தருவர். அந்நாளை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

சான்றிதழால் என்ன கிடைக்கும் என்பதில் மிகைப்பட்ட நம்பிக்கையும் வேண்டா, அவநம்பிக்கையும் வேண்டா. மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, எண்பது விழுக்காடோ பல்வகைக் குறைபாடோ உடையவர்க்கு உரியது. மத்திய அரசின் பங்கு 2012-இல் மாதம் 300 ரூபாய் என்று வைக்கப்பட்டது. இந்நகரில் ஒரு வாரப் பாலுக்கும் அது காணாது. அதற்குமேல் மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. மகாராட்டிரத்தின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்துக்கு இம்மாநிலத்தில் பதினைந்து ஆண்டு வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். வருமான வரம்பும் உண்டு. தமிழ்நாட்டரசும் பார்க்கின்சன், தண்டுவட மரப்பு முதலிய நோயுடையார்க்குப் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அது அங்கே வாழ்வோர்க்கு. இரண்டிடத்திலும் பெயர் கொடுத்து வைப்போம் என்ற எண்ணத்தை விட்டொழிக்க. வருமான வரி கட்டுவோர்க்கு, பழைய முறையைத் தேர்ந்தவராயின், தமக்கோ தம்மைச் சார்ந்தவர்க்கோ நாற்பது விழுக்காடு குறையிருந்தால் 75,000 ரூபாயும், எண்பது விழுக்காடெனில் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. செலவுச் சீட்டுகளைக் கூட்டிக் காட்ட வேண்டுவதில்லை. புதிய முறையைத் தேர்ந்தவர்க்கு இக்கழிவு இல்லை. இரயில்வே சலுகைக்குத் தனிப் படிவமும் தனி அட்டையும் வேண்டும். அங்கே இயக்கக் குறைபாடுடையவர் துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவராக இருத்தல் வேண்டும்.

அரசினர் அலுவலகத்திலோ பொதுத்துறை நிறுவனத்திலோ பணிபுரியும் அன்பர்கள் ஒன்றை மனத்திற் கொள்க. பணிக்காலத்தில் குறைபாடு எய்திய ஊழியரை வேலையினின்று நீக்கவோ பதவி தாழ்த்தவோ கூடாது என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. பழைய வேலைக்கு அவர் ஏற்றவராய் இல்லாவிடின் அதே ஊதியத்தில் வேறு வேலை. அதுவும் இல்லாவிடின், வேறிடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ அவருக்கென மிகைப் பதவி ஒன்றை உண்டாக்கி வைத்தல் வேண்டும். பழைய சட்டத்திலும் இக்காப்பு இருந்தது. காலிழந்த காவலர் குணால் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்திற்று. இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பதை அது விடையாக ஏற்கவில்லை. நம் உறுப்பினர் ஒருவர், அலுவலகத்தின் பெயர் வேண்டா, தண்டுவட மரப்பு நோயோடு பதினான்கு ஆண்டு மிச்சமிருக்கையில் ‘விருப்ப ஓய்வு’ பெற்றார். விருப்பம் யாருடையது என்று கேட்டோம். மேலதிகாரி மிக நல்லவர் என்றும், படிவத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார் என்றும் விடை வந்தது. தனியார் நிறுவனங்களுக்கு இப்பிரிவின் கட்டு இல்லை என்பது இச்சட்டத்தின் பெருங்குறை என்றே நாம் கருதுகிறோம். நம்மவரில் பெரும்பாலோர் இருப்பது அங்கேதானே.

இனி, எவரும் வாய்விட்டுச் சொல்லாத தடை ஒன்று உண்டு. அம்மையார் வீட்டுக்கு நாம் சென்றபோது, கணவர் நம்மை வரவேற்றுத் தேநீர் தந்து, பின் மெல்லச் சொன்னார்: “அண்ணாச்சி, எனக்குக் கை நடுங்குது. ஊனம்னு எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களே. நாளைக்குப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கேட்க மாட்டாங்களா?” நாம் உடனே விடை சொல்லவில்லை. கேட்கத்தான் செய்வார்கள். நம் சமூகத்தில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் நடுக்கம் ஏற்கெனவே தெருவுக்குத் தெரிந்ததுதான். அதற்குக் குடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நோய் என்று எழுதிய காகிதம் அந்தப் பெயரினும் தாழ்ந்ததா என்று கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் உள்ளிருந்து, “அப்பா, நான் கணினியில் மனுவை நிரப்புறேன்” என்றாள். நம் பேச்சைவிட அப்பெண்ணின் சொல்லே அவரை இணக்கியது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்த பணத்தின் மேல் நிற்பவை ஓய்வூதியமும் காப்பீடும். தருமம் கேட்கப் போவதுபோல் கூசிக்கொண்டு அங்கே செல்ல வேண்டுவதில்லை.

சான்றிதழ் வர இரண்டரைத் திங்கள் ஆயிற்று. முதல் முறை பெயர்க் குழப்பத்தால் திருப்பி அனுப்பினர். இரண்டாம் முறை 48 விழுக்காடு, ஐந்து ஆண்டுக்கு, மஞ்சள் அட்டை. காப்பீட்டு விடுப்பில் நான்கு திங்கள் இருந்து மருந்தளவைச் சீர்செய்துகொண்டு நண்பர் பணிக்குத் திரும்பினார். லேத்தில் அவர் இப்போது இல்லை. கருவியறையில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. மிகைநேர ஊதியம் போய்விட்டது. வீட்டு வரவில் அது தெரிகிறது. நோய் நிற்கும் நோயன்று. ஓய்வூதிய விதியை நாட வேண்டிய நாள் பின்னர் வரலாம். அதற்கான காகிதங்களை ஒரு கோப்பில் அடுக்கி அம்மையாரிடம் கொடுத்துள்ளோம். விலகற் கடிதத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை.

இவ்வகை மனுக்களுக்கு உதவ, ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை சங்க நூலகத்தில் அன்பர்கள் இருவர் இருப்பர். ஆதார், ஆறு திங்களுக்கு மேற்படாத நிழற்படம், மருத்துவமனைச் சீட்டுகள் முதல் நாள் தொட்டு, வைப்புநிதி எண், காப்பீட்டு எண் ஆகியவற்றை இரண்டு நகல்களுடன் கொண்டு வருக. மூலச் சீட்டுகளை எவரிடமும், எங்களிடமும், விட்டுச் செல்ல வேண்டா. நோயாளி வர இயலாவிடின் வீட்டார் வந்தாலே போதும். மராத்தி நன்கு எழுதத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் எங்களுக்குத் தேவைப்படுகிறார்; முன்வருவோர் செயலாளரிடம் பெயர் தருக.